களைக்கொல்லியும் நடுக்குவாதமும்: மூளைச் செல்கள் தாமாகவே சாவது ஏன்?

நெய்வேலியைச் சுற்றி விவசாயம் செய்கிறவர்களுக்குக் கவலைகளுக்குப் பஞ்சமில்லை. சுரங்கத்துக்கு நிலம் போகிறது, கிணற்றில் தண்ணீர் கீழே இறங்குகிறது, சாம்பல் பறக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக் கால்வாய்க்காக விளைந்து நின்ற நெல் வயலுக்குள் மண் வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இவையெல்லாம் ஊரறிந்த கவலைகள். இந்த வாரம் நாம் பேசப்போவது உங்கள் வீட்டுக் கொட்டகையின் மூலையில் பாதி தீர்ந்து நிற்கும் ஒரு மருந்துக் கேனைப் பற்றி.

அது பாராகுவாட் டைகுளோரைடு என்ற களைக்கொல்லி. கிராமாக்சோன் என்ற பெயரிலும் வேறு பல பெயர்களிலும் கடையில் கிடைக்கிறது. காலையில் அடித்தால் மறுநாளே புல் கருகி நிற்கும். கிளைபோசேட் அடித்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்கும் வேலை இதில் இல்லை. கூலி ஆள் கிடைக்காத காலத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது வரப்பு வெட்ட ஆள் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். அதனால் 'விஷம், விட்டுவிடுங்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. விஷயத்தை முழுதாகப் பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

பாராகுவாட் அடித்ததால்தான் தங்களுக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான விவசாயிகளும் மருந்தடிக்கும் தொழிலாளர்களும் தயாரிப்பு நிறுவனமான சின்ஜென்டா மீதும் விற்ற நிறுவனத்தின் மீதும் வழக்குப் போட்டிருக்கிறார்கள். 2021இல் இந்த வழக்குகள் இல்லினாய் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. 2025 ஏப்ரலில் இரு தரப்பும் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டதாக நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மருந்துக்கும் நோய்க்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பதே நிறுவனத்தின் நிலை.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. பூச்சிமருந்தோடு வேலை செய்த விவசாயிக்குப் பார்க்கின்சன் வந்தால் அதைத் தொழில்சார் நோயாக ஏற்று உதவித்தொகை தர பிரான்ஸ் 2012இலேயே முடிவெடுத்தது. ஜெர்மனியில் அரசுக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவக் குழு 2024இல் இதே பரிந்துரையைச் செய்தது. சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்கு நுரையீரல் கெட்டால் அது வேலையால் வந்த நோய் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதே கண்ணோடு அந்த நாடுகள் வயலையும் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன.

என்ன நோய் இது?

நம் பக்கம் நடுக்குவாதம், உதறுவாதம் என்று சொல்லும் நோய்தான். சும்மா மடியில் வைத்திருக்கும்போது ஒரு கை நடுங்கும், ஏதாவது எடுக்கப் போனால் நடுக்கம் குறையும். உடம்பு விறைக்கும். எல்லா வேலையும் மெதுவாகும். 1817இல் இதை முதலில் தெளிவாக விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயரே நோய்க்கு வந்தது.

மூளையின் அடிப்பகுதியில் கருமையான ஒரு சிறு இடம் இருக்கிறது. அங்குள்ள நரம்புச் செல்கள் டோபமைன் என்ற சுரப்பைத் தயாரிக்கின்றன. கையைத் தூக்கு, காலை எடுத்து வை என்று மூளை இடும் கட்டளை தடையில்லாமல் போக இந்த டோபமைன் வேண்டும். கதவுக் கீலுக்கு எண்ணெய் போல. அந்தச் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. ஏறக்குறைய பாதி செத்த பிறகுதான் கை நடுங்கவே தொடங்குகிறது. அதாவது, 60 வயதில் நடுக்கத்தோடு மருத்துவரிடம் போகிறவரின் தலைக்குள் நோய் பல வருடங்களுக்கு முன்பே குடியேறிவிட்டது.

செல் ஏன் தானாகச் சாகிறது?

இங்கேதான் நம் கதையின் மையம் இருக்கிறது. செல்லுக்கு இரண்டு விதமான சாவு உண்டு. அடிபட்டு, வெந்து, நசுங்கிச் சாவது ஒன்று. இன்னொன்று, செல்லுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் திட்டப்படி, அது தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொண்டு முடித்துக்கொள்வது. இரண்டாவதைத்தான் விஞ்ஞானிகள் திட்டமிட்ட செல் இறப்பு என்கிறார்கள்.

புதிதாகத் தோன்றலாம், ஆனால் நீங்கள் தினமும் பார்ப்பதுதான். தேரைக் குஞ்சுக்குக் கால் முளைத்தவுடன் வால் மறைவது இதனால்தான். நெற்பயிர் தண்ணீரில் நின்றும் வேர் அழுகாமல் இருக்கிறதே, எப்படி? வேரின் உள்ளே ஒரு பகுதிச் செல்கள் தாமாகச் செத்து வழிவிட, அந்த இடம் காற்றுக் குழாயாகிறது. மேலிருந்து மூச்சுக்காற்று வேருக்கு இறங்குகிறது. குலைநோயைத் தாங்கும் ரகத்தில் இலையில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளி வந்து அதோடு நின்றுவிடுவதையும் பார்த்திருப்பீர்கள். பூஞ்சாணம் நுழைந்த இடத்தைச் சுற்றியிருக்கும் செல்கள் தாங்கள் செத்து அதற்கு மேலே பரவ இடம் கொடுக்காமல் செய்கின்றன. தீ பரவாமல் இருக்க நாலு கூரையைப் பிரித்துப் போடுவது போல.

இந்தத் திட்டத்தைக் கண்டுபிடிக்க உதவியதும் மண்ணில் வாழும் ஒரு நூற்புழுதான். பயிரின் வேரை முடிச்சுப்போட வைக்கும் புழுவின் தூரத்து உறவு, ஆனால் சாது. ஒரு மில்லிமீட்டர் நீளம். அது வளரும்போது உருவாகும் 1,090 செல்களில் சரியாக 131 செல்கள், குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் சாகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே கணக்கு. இதைக் கண்டு, சாவுக்குக் காரணமான மரபணுக்களையும் பிடித்ததற்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதச் செல்லிலும் அதே வகை மரபணுக்கள் இருக்கின்றன.

ஆக இந்தச் சாவு கெட்டதல்ல, உடம்புக்கு அவசியமானது. சாகக் கூடாத செல்லில் அந்த விசை அழுத்தப்படுவதுதான் கோளாறு. தோல் செல் செத்தால் இன்னொன்று வரும். இந்த டோபமைன் செல் போனால் போனதுதான், மறுநடவு கிடையாது.

விசையை அழுத்துவது எது? நெய்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டிக் குட்டி மின் நிலையங்கள் இருக்கின்றன. சாப்பாட்டையும் மூச்சுக்காற்றையும் வைத்துச் சக்தி தயாரிப்பது அவைதான். கொதிகலனில் கோளாறு என்றால் அனல்மின் நிலையத்தில் யூனிட் தானாக 'டிரிப்' ஆகும் அல்லவா? அதுபோல இந்தக் குட்டி நிலையம் பழுதாகி அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட புரதம் வெளியே கசிந்தால், செல் அதை அபாயச் சங்காக எடுத்துக்கொண்டு தன்னைக் கலைக்கும் வேலையைத் தொடங்கிவிடும். டோபமைன் செல்களுக்குக் கிளைகள் மிக அதிகம். ஒரே செல் பல லட்சம் இணைப்புகளைத் தாங்குகிறது. சக்தித் தேவை அதிகம் என்பதால் மின் நிலையம் தடுமாறினால் முதலில் விழுவதும் அதுதான்.

பார்க்கின்சனில் எல்லாச் செல்லும் இந்த ஒரே வழியில்தான் சாகிறதா என்றால், இல்லை. வேறு வழிகளும் உண்டு. சினுக்ளின் என்ற புரதம் செல்லுக்குள் கட்டிக்கொண்டு தேங்குவதும் பெரிய பங்கு வகிக்கிறது. ஆனால் மின் நிலையம் பழுதாவது இந்த நோயின் நடுவிலேயே இருக்கிறது. களைக்கொல்லி கதைக்குள் வருவதும் அந்த வாசல் வழியாகத்தான்.

புல்லைக் கருக்குவதும் செல்லைக் கெடுப்பதும்

பாராகுவாட் புல்லை எப்படிக் கருக்குகிறது? இலையில் வெயிலைச் சக்தியாக்கும் இடத்தில் புகுந்து, அங்கே ஓடும் மின்னணுக்களைத் திருடி மூச்சுக்காற்றின் மேல் ஏற்றுகிறது. அந்தக் காற்று மூர்க்கமாகி இலையின் சவ்வை அரிக்கிறது. திருடிக் கொடுத்துவிட்டு மருந்து பழையபடி ஆகிவிடுவதால் திரும்பத் திரும்ப அதே வேலையைச் செய்யும். வெயில் நாளில் வேகமாகக் கருகுவது இதனால்தான். விலங்குகளின் செல்லுக்குள் போனாலும் இந்தச் சுபாவம் மாறுவதில்லை.

1982இல் கலிபோர்னியாவில் நடந்தது மருத்துவ உலகத்தையே உலுக்கியது. கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தைப் போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று கல்லாய் உறைந்து போனார்கள். முதிர்ந்த பார்க்கின்சன் நோயாளியைப் போலவே இருந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற மருத்துவர் துருவிப் பார்த்தபோது போதை மருந்தில் எம்.பி.டி.பி. என்ற கலப்படம் இருந்தது தெரிந்தது. மூளைக்குள் போய் அது மாறி உருவாகும் பொருள் டோபமைன் செல்களின் மின் நிலையத்தை அடைத்துக் கொன்றிருந்தது. அந்தப் பொருளின் வேதியியல் அமைப்பு பாராகுவாட்டை ஒத்திருந்தது. அன்றிலிருந்துதான் பூச்சிமருந்துப் பக்கம் விஞ்ஞானிகளின் பார்வை திரும்பியது.

2000இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரீனமயர் குழுவினர் எலிகளுக்கு ரோட்டினோன் என்ற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தியபோது, எலிகளுக்குப் பார்க்கின்சன் போலவே வந்தது. ரோட்டினோன் செடி வேரிலிருந்து எடுப்பது, ஒரு காலத்தில் இயற்கை மருந்து என்று புகழப்பட்டது. செடியிலிருந்து வந்ததால் மட்டுமே ஒரு மருந்து சாதுவாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

எலி வேறு, மனிதர் வேறு என்பீர்கள். சரியான கேள்வி. அமெரிக்காவில் மருந்தடிக்க உரிமம் பெற்ற விவசாயிகளையும் அவர்கள் குடும்பத்தினரையும் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்விலிருந்து, நோய் வந்த 110 பேரையும் வராத 358 பேரையும் ஒப்பிட்டு 2011இல் ஒரு முடிவு வெளியானது. பாராகுவாட் அல்லது ரோட்டினோன் பயன்படுத்தியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்காக இருந்தது. கலிபோர்னியாவில் 2009இல் வெளியான இன்னொரு ஆய்வு, பாராகுவாட்டும் மேனெப் என்ற பூஞ்சாணக்கொல்லியும் அடிக்கப்பட்ட வயல்களுக்கு 500 மீட்டருக்குள் வசித்தவர்களுக்கு ஆபத்து 75 சதவீதம் அதிகம் என்றது. நம் கடைகளில் விற்கும் மேன்கோசெப் இந்த மேனெப்பின் பங்காளி.

எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே அமெரிக்க விவசாயிகளில் இன்னும் பெரிய எண்ணிக்கையை எடுத்து 2020இல் பார்த்தபோது பாராகுவாட்டுக்குத் தெளிவான தொடர்பு தெரியவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2021இல் அதற்கு மீண்டும் அனுமதி கொடுத்தது. பாராகுவாட் அடித்த எல்லோருக்கும் நோய் வராது. அடிக்காதவர்களுக்கும் வருகிறது, வயதும் பரம்பரையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஆனாலும் ஒரு மருந்து செல்லுக்குள் என்ன செய்கிறது என்பது தெரிந்து, விலங்குகளில் பார்த்து, மனிதர்களிலும் பல ஆய்வுகளில் அதே திசையில் விரல் நீளும்போது, நூறு சதவீத நிரூபணம் வரட்டும் என்று நம் உடம்பைப் பணயம் வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. இது என் தீர்ப்பு.

சட்டம் எங்கே நிற்கிறது?

சுவிட்சர்லாந்து 1989இலேயே பாராகுவாட்டை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் நீதிமன்றத் தீர்ப்பால் அனுமதி ரத்தானது. தாய்லாந்தும் பிரேசிலும் 2020இல் தடை செய்தன. பக்கத்து இலங்கை 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கியது. அதனால் அங்கே விளைச்சல் விழுந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. (2021இல் இலங்கை ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி மாட்டிக்கொண்டது வேறு கதை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்தியாவில் கேரளம் 2011இல் தடை செய்த பட்டியலில் பாராகுவாட் இருந்தது. ஒடிசாவில் பூர்லா மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், இதைக் குடித்து வருகிறவர்களைக் காப்பாற்ற மாற்று மருந்தே இல்லை என்று போராடிய பிறகு 2020இல் தற்காலிகத் தடை வந்தது. தமிழ்நாடு மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், அசிபேட் உள்ளிட்ட ஆறு பூச்சிமருந்துகளை 60 நாள் தடை செய்தபோது அந்த ஆறில் பாராகுவாட் இல்லை. 1968ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம் மாநிலத்துக்கு இப்படிக் கொஞ்ச நாள் தடை போடத்தான் அதிகாரம் தருகிறது, நிரந்தர முடிவு டெல்லி கையில். மத்திய அரசு 2020இல் தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளின் வரைவிலும் பாராகுவாட் இடம்பெறவில்லை. கிளைபோசேட்டுக்கு 2022இல் கட்டுப்பாடு அறிவித்த அரசு இதை விட்டுவைத்தது விநோதம்தான்.

சட்டப்படி இது எல்லாப் பயிருக்கும் அனுமதிக்கப்பட்ட மருந்தும் இல்லை. தேயிலை, ரப்பர், பருத்தி, உருளைக்கிழங்கு, திராட்சை உள்ளிட்ட சில பயிர்களுக்கே பரிந்துரை. முந்திரி அதில் இல்லை. பண்ருட்டி, காடாம்புலியூர், முத்தாண்டிக்குப்பம் பக்கத்து முந்திரிக்காரர்கள் கடையில் கேனோடு ஒட்டியிருக்கும் துண்டுச்சீட்டை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். முந்திரி என்றாலே காசர்கோட்டில் எண்டோசல்பான் செய்தது நினைவுக்கு வர வேண்டும். அந்த மருந்தை உச்ச நீதிமன்றம் 2011இல் நிறுத்துவதற்குள் ஒரு தலைமுறை பாதிக்கப்பட்டுவிட்டது.

நெய்வேலியில் எல்லாவற்றுக்கும் மின் நிலையமா காரணம்?

2023இல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி வட்டாரத் தண்ணீரில் பாதரசம் இருப்பதாக அறிக்கை வெளியிட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாக விசாரணைக்கு எடுத்தது. பாதரசமும் நரம்பைக் கெடுக்கும், நடுக்கமும் தரும். ஆனால் அது பார்க்கின்சன் அல்ல. ஏதாவது செய்யக் கை நீட்டும்போது வருவது அந்த நடுக்கம். மாங்கனீசுப் புகையை வருடக்கணக்கில் சுவாசிக்கும் வெல்டிங் தொழிலாளிக்கு வருவதும் இன்னொரு வகை. வாந்தி, தலைசுற்றலுக்குத் தரும் சில மாத்திரைகளாலும் நடுக்கம் வரும், நிறுத்தினால் போய்விடும். அதனால் கை நடுங்கினால், சுரங்கத்தில் பார்த்த வேலை, வயலில் அடித்த மருந்து, போடும் மாத்திரை மூன்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒருவர் ஒப்பந்த வேலைக்கும் போய் வயலும் பார்க்கும் குடும்பங்கள் இங்கே நிறைய.

நம் ஊரில் இந்த ஆபத்து யார் தலையில் விழுகிறது தெரியுமா? நிலத்துக்காரர் வருடத்தில் நாலு நாள் அடிப்பார். டேங்குக்கு இவ்வளவு என்று பேசி ஊர் முழுக்க அடிக்கிற கூலிக்காரர் சீசன் முழுதும் அடிப்பார். அமெரிக்க ஆய்வு சொன்ன 'பயன்படுத்தியவர்' இவர்தான். லுங்கியைத் தூக்கிக் கட்டி, வெறுங்காலோடு, முதுகில் ஒழுகும் டேங்கோடு நடக்கிறவர். மூட்டு ஒழுகினால் சட்டை நனையும், நாசில் அடைத்தால் வாயால் ஊதுவார். மாலையில் அந்தச் சட்டையைத் துவைப்பது அவர் மனைவி.

என்ன செய்யலாம்?

முதலில் கையுறை. சும்மா சொல்லவில்லை. அதே அமெரிக்க விவசாயிகளிடம் 2015இல் பார்த்தபோது, பாராகுவாட்டோடு தொடர்பு தெரிந்தது கையுறையைச் சரியாகப் போடாதவர்களிடம்தான். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ரப்பரோ நைட்ரைலோதான் வேண்டும். கேனிலிருந்து ஊற்றிக் கலக்கும் நேரம்தான் மிக மோசமான நேரம், மருந்து அப்போது நீர்க்காமல் இருக்கும். கையை விட்டுக் கலக்காதீர்கள், குச்சி போதும். முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, பூட்ஸ். காற்றுக்கு எதிராக அடிக்க வேண்டாம். அடித்து முடித்ததும் பீடி பற்ற வைப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், துவைப்பவர் கையிலும் உறை இருக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கிறவர்களே, கையுறையும் சோப்பும் உங்கள் செலவு. ஒரு கேன் மருந்தின் விலையோடு பார்த்தால் அது பெரிய காசில்லை. வேறு பாட்டிலில் மாற்றி வைப்பதும் காலிக் கேனில் தண்ணீர் பிடிப்பதும் கூடவே கூடாது. தவறி யாராவது குடித்துவிட்டால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 108.

மருந்தே இல்லாமல் முடியுமா என்றால், பல இடத்தில் முடியும். கரும்பில் சோகையை எரிக்காமல் பாரிடையில் பரப்பினால் களை பாதிக்கு மேல் அடங்கும். வரிசை நடவு நெல்லில் கோனோவீடர் ஓட்டலாம். முந்திரித் தோப்பில் மழைக்கு முன்னே கொள்ளோ தட்டைப்பயறோ விதைத்துவிட்டால் புல்லுக்கு இடமிருக்காது, மீதிக்குப் புல்வெட்டும் இயந்திரம். தனி ஆள் வாங்கக் கட்டாது, நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள். பவர் வீடருக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. எந்தப் பயிருக்கு எது ஒத்துவரும் என்று விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேளுங்கள். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

நோய் வந்துவிட்டால்

செல் சாவதை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. செல்லுக்குள் சாவுக் கட்டளை போகும் பாதையையே அடைக்கும் ஒரு மாத்திரையை அமெரிக்காவிலும் கனடாவிலும் 800 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை என்று 2005இல் கைவிட்டார்கள். பாதி செத்த பிறகு தொடங்கினால் எதைத் தடுப்பது என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதனால்தான் இப்போது முன்னறிகுறிகளைத் தேடுகிறார்கள். மல்லிகையோ சாணமோ வாசனை தெரியாமல் போவது, நாட்பட்ட மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக் கையைக் காலை உதறுவது, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பது, சட்டைப் பித்தானும் மாட்டுக் கயிற்று முடிச்சும் திடீரென்று கஷ்டமாவது. இதில் ஒன்று இருந்தாலே நோய் என்று பயப்பட வேண்டாம். மூன்று நான்கு சேர்ந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நம் பகுதிக்குப் புதுச்சேரி ஜிப்மர் எட்டும் தூரம்.

நோய் உறுதியானால் லெவோடோபா மாத்திரை தருவார்கள். அது குறைந்துபோன டோபமைனை ஈடுசெய்யும், பல வருடம் நன்றாக நடமாட வைக்கும். பூனைக்காலி விதையில் இருப்பதும் இதே லெவோடோபாதான், மூலிகைப் பயிராகச் சிலர் சாகுபடியே செய்கிறார்கள். அதற்காக விதையை இடித்துத் தூளாக்கிச் சாப்பிடக் கூடாது. விதைக்கு விதை அளவு மாறும், மாத்திரையோடு சேர்ந்தால் அதிகமாகி வாந்தியும் கட்டுப்படாத அசைவுகளும் வரும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுவது நல்லது. பருப்பு, பால், முட்டையோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. தினமும் நடக்க வேண்டும், கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி வேண்டும். வெளியே போக முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.